சுவர் மெலியும் சத்தம்

கடைசல் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மர ஜாடி உடைந்தால் கீழே விழாது, பறக்கும். என் அக்காவின் கணவர் கடைந்துகொண்டிருந்த ஜாடியும் அப்படித்தான் பறந்தது. ஒரு சில்லு அவர் கன்னத்தைக் கீறிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த தகரத் தடுப்பில் குத்தி நின்றது. இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தால் கண் போயிருக்கும். முகத்தை மறைத்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் தடுப்போ நெற்றிக்கு மேலே தூக்கி விடப்பட்டிருந்தது. மரத்துக்குள் வெளியே தெரியாத வெடிப்பு ஏதாவது இருந்திருக்கும் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். ஜாடி ஏன் உடைந்தது, தடுப்பு ஏன் நெற்றியில் இருந்தது என்ற இரண்டும் அங்கே இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அத்தான். இன்னொருவர் அக்கா.

மூன்றாவதாக எனக்குத் தெரிந்தது, ஃபோனில். நான் நினைத்த மாத்திரத்தில் கிளம்பிப் போக முடியாத தூரத்தில் இருக்கிறேன். அக்கா பேச்சை ‘ஒண்ணும் இல்ல’ என்று தொடங்கினாலே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று ‘ஒண்ணும் இல்ல, நீ பதறாத’ என்று தொடங்கினாள். இங்கே எழுதுவது அவளும் அத்தானும் தனித்தனியாக எனக்குச் சொன்னது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பட்டறையில் அத்தானுக்குச் சுருள் என்று பெயர். தலைமுடியில், சட்டைப் பையில், செருப்பில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில்கூட மரச்சுருள் இருக்கும். ஓட்டல்களின் வரவேற்பறைகளுக்கு அலங்காரச் சாமான் செய்து கொடுக்கும் பட்டறை அது. மற்றவர்கள் கிண்ணம், விளக்குத் தண்டு, மேசைக் கால் என்று கடைவார்கள். கழுத்து குறுகிய ஜாடியை மட்டும் அத்தானைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். வேறு இடத்திலிருந்து வருகிற ஆட்களும் அவர் இயந்திரத்தின் முன்னால் கைகட்டி நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு. காரணம், அந்த வேலையில் கண்ணுக்குப் பாதிவரைக்கும்தான் வேலை.

வெளிப்புறம் கடைகிறவரை எல்லாம் கண்ணெதிரே நடக்கும். மரக்கட்டையின் ஒரு முனை இயந்திரத்தின் பிடியில் இருக்கும். அது சுற்றச் சுற்ற உளி பட்ட இடமெல்லாம் வழுவழுவென்று வயிறும் கழுத்துமாகத் திரண்டு வரும். அதன் பிறகு உள்ளே குடைய வேண்டும். இரண்டு விரல் நுழையும் வாய் வழியாக, நுனி வளைந்த நீள உளியை விட்டு, இருட்டுக்குள் செதுக்க வேண்டும். சுவர் எவ்வளவு மெலிந்தது என்று எட்டிப் பார்க்க வழி கிடையாது. கேட்க வேண்டும். சுவர் தடியாக இருக்கும்போது கட்டை தொம்மென்று அமுங்கிய குரலில் பேசும். மெலிய மெலியக் குரல் ஏறும். இன்னும் மெலிந்தால் கண்ணாடி டம்ளரின் விளிம்பை நகத்தால் சுண்டியது போலக் கூராக ஒரு சத்தம் கிளம்பும். அங்கே உளியை நிறுத்திவிட்டால் ஜாடி. ஒரு மூச்சு தாமதித்தால் சில்லு.

அந்தக் கூரான சத்தம் அத்தானுக்குக் கேட்காது.

வருடக் கணக்கில் இயந்திரத்துக்கும் தூசி உறிஞ்சும் குழாயின் இரைச்சலுக்கும் நடுவில் நின்றவருடைய காதில், உயரமான சத்தங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. பேச்சு கேட்கும். லாரி கேட்கும். வாசல் மணி கேட்காது, ஃபோன் மணி கேட்காது. அக்கா இதைக் கண்டுபிடித்தது சமையலறையில். அடுப்பில் குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து அணைத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று முதலில் நன்றாகத் திட்டியிருக்கிறாள். மறுநாள் ஏதோ சந்தேகம் வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய்ச் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய் ஆட்டினாள். பக்கத்தைப் புரட்டினார்.

பட்டறையில் ஒரு விதி உண்டு. காது மந்தமானவர் இயந்திரத்தில் நிற்கக் கூடாது, பேக்கிங்குக்குப் போக வேண்டும். பேக்கிங் என்றால் குமிழ்த்தாளைச் சுற்றி டேப் ஒட்டுகிற வேலை. அத்தானுக்கு அந்த அறையின் வாசலைக் கடப்பதுகூடப் பிடிக்காது. பல்லால் டேப் கிழிக்கவா இந்தக் கை என்பார். அதனால் வெளியே சொல்லவில்லை. அக்காவும் அதே பட்டறையில்தான் உப்புத்தாள் தேய்த்து மெழுகு போடும் வேலையில் இருந்தாள். தன் மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அவருடைய இயந்திரத்துக்கு நேர் எதிரே கொண்டுவந்து போட்டாள். சத்தம் ஏறத் தொடங்கினால் அவள் ஒரு புருவம் உயரும்: மெதுவாக. இரண்டும் உயர்ந்தால்: போதும், எடு.

இதைப் பட்டறை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. பக்கத்து இயந்திரத்தில் விளக்குத் தண்டு கடையும் மொட்டைதான் (தலையில் நிறையவே முடி உண்டு, எப்போதோ மொட்டையடித்தபோது வந்த பெயர்) அதைப் பெரிதாக்கினார். பெண்டாட்டி மூஞ்சியைப் பார்க்காவிட்டால் சுருளுக்கு உளி நகராது, இந்த வயதில் என்னய்யா இது என்று டீ குடிக்கிற இடத்தில் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அத்தான் வெட்கப்படுவது போலத் தலையைக் குனிந்துகொள்வார். கிண்டல் எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவுக்கு உண்மை பத்திரமாக இருந்தது.

அக்காவுக்கு அது பத்திரமாக இல்லை. அவர் குடைகிற நேரமெல்லாம் அவள் வேறெங்கும் பார்க்க முடியாது. கைபாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும், கண் அவர்மேல், காது ஜாடிமேல். பக்கத்தில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவாள். தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் வந்து எழுப்பிவிடுவதாகச் சொன்னாள். “அவர் உசுரு என் புருவத்துல தொங்குதுடா. எனக்குப் புருவத்த சும்மா வெச்சுக்கக்கூட முடியல” என்று ஒருமுறை சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜாடி உடைந்த அன்று நடந்தது இவ்வளவுதான். தேய்த்துக்கொண்டிருந்த மரத்தூள் அவள் கண்ணில் விழுந்தது. கண்ணை மூடிக் கசக்கினாள். கூரான சத்தம் அவள் காதில் தெளிவாகக் கேட்டது. சொல்வதற்குத்தான் முகம் இல்லை, கைக்குப் பின்னால் இருந்தது. கத்தியிருக்கலாம். கத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை, எல்லாவற்றையும் புருவத்தாலேயே சொல்லிப் பழகியாகிவிட்டது. அத்தானோ, கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாக அவள் புருவம் சரியாகத் தெரியவில்லை என்று தடுப்பை எப்போதும் போல மேலே தூக்கி விட்டிருந்தார்.

அன்று மாலை வீட்டில் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, இனிமேல் பார்க்க மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். பயத்தில் சொல்கிறாள், ஒரு வாரம் போனால் சரியாகும் என்று அத்தான் நினைத்தார். காயம் ஆறும்வரை ஜாடி கடைய வேண்டாம் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் போனது. அவள் மேசையை நகர்த்தவில்லை, ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் தேய்த்தாள். மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். அவர் மாட்டேன் என்றார். அன்றோடு பேச்சு நின்றது. வீட்டில் இருவரும் கதவு, ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம் என்று அவள் அலமாரியிடம் சொல்வாள். பசிக்கவில்லை என்று அவர் மின்விசிறியிடம் சொல்வார்.

இந்த நிலையில்தான் மேனேஜர் வந்து, மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள், குற்றம் மரத்திலா, இயந்திரத்திலா, ஆளிலா என்று எனக்குத் தெரிய வேண்டும், நாளைக் காலையில் என் எதிரில் ஒரு ஜாடி கடையுங்கள் என்றார். மேனேஜர் கெட்டவர் இல்லை. வயதில் சின்னவர், எல்லோரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார். ரத்தம் பார்த்ததிலிருந்து அவருக்கும் தூக்கம் சரியில்லை.

அன்று மாலை அத்தான் என்னைக் கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுகிற ஆள் இல்லை. திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு எடுத்தேன். “மச்சான், உங்க அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு ஜாடி. அப்புறம் அவ சொல்ற மாதிரி கேக்குறேன்.”

அக்காவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். பிறகு குழாயை மூடினாள்.

“நாளைக்குத் திரும்பவும் என் கண்ணுல தூசி விழுந்தா? அவர் கண்ணு போனா நீயா வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவ?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இயந்திரத்துக்குப் பக்கவாட்டில் நின்றார். மொட்டை தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார். அக்கா எதிரே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் மாமரக் கட்டை ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, பிடியில் மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முகத் தடுப்பைக் கீழே இறக்கினார். பார்க்க வேண்டிய முகம் எதிரே இல்லாததால் அன்று அது இறங்கியே இருந்தது.

வெளிப்புறம் வெண்ணெய் போல நடந்தது. சுருள்கள் அவர் தோளுக்கு மேலே நூலாகப் போய் விழுந்தன. ஜாடிக்கு வயிறு வந்தது, கழுத்து வந்தது, உதடு வந்தது. மேனேஜர் கைக்குட்டையை மறந்துவிட்டு வாயைத் திறந்து பார்த்தார். நடுவில் துளை போட்டு முடித்து, வளைந்த உளியைக் கையில் எடுத்தபோது தனக்கு உள்ளங்கை வியர்த்ததாக அத்தான் சொன்னார். இத்தனை வருடத்தில் உளி வழுக்கியது அன்றுதான் முதல் முறை. சட்டையில் துடைத்துக்கொண்டார்.

உள்ளே போனதும் தொம் தொம் என்ற குரல் நன்றாகவே கேட்டது. அதுவரை பயம் இல்லை. உளியை வெளியே எடுத்துச் சுருளை ஊதிவிட்டு மறுபடி நுழைத்தார். ஒருமுறை நிமிர்ந்து எதிரே பார்த்தார். அக்காவின் பின்னல்தான் தெரிந்தது. தன்னை அறியாமல் இன்னொரு முறை பார்த்தார். மொட்டை அதைக் கவனித்துவிட்டு, இன்னிக்கு அம்மாவோட தரிசனம் கிடைக்கல போல, கோபமா என்று மேனேஜர் காதில் விழும்படி சொன்னார். மேனேஜரும் சிரித்தார்.

அடுத்து அந்தக் குரல் மெலிந்துகொண்டே போய், அத்தானுடைய காதைத் தாண்டிப் போய்விட்டது.

“அது எப்படி இருக்கும் தெரியுமா மச்சான், மாடிப்படி இறங்குறோம், அடுத்த படி இல்ல” என்று எனக்குச் சொன்னார். உளியின் பிடியில் அதிர்வு இருக்கிறது, சத்தம் இல்லை. சுவர் இன்னும் ஒரு விரல் தடிப்பு இருக்கலாம், தாள் போலவும் இருக்கலாம்.

அக்காவுக்குக் கேட்டது. குரல் ஏறத் தொடங்கிய இடத்திலேயே அவள் கை உப்புத்தாளோடு நின்றுவிட்டது. திரும்பக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள். ஒருமுறை திரும்பினால் வாழ்நாள் முழுக்கத் திரும்ப வேண்டும் என்று தெரியும். சத்தம் இன்னும் ஏறியது. கிண்ணத்தை மேசையில் வைத்தாள். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்துவிட்டதாகவும், என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அந்த நொடியில் வரவில்லை என்றும் சொன்னாள்.

இயந்திரம் நின்றது.

நிறுத்தியது அத்தான். உளியை மெல்ல வெளியே இழுத்துத் தாங்கியில் வைத்துவிட்டு, மொட்டையின் பெட்டியிலிருந்து சுவரின் தடிப்பை அளக்கும், கால் வளைந்த காலிப்பரை எடுத்து வாய்க்குள் விட்டு அளந்தார். மேனேஜர் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, அளந்து பார்க்கிறேன் என்றார். அதில் தவறு ஒன்றும் இல்லை என்பது போல மேனேஜர் தலையாட்டினார். மறுபடி ஓட்டினார். கொஞ்சம் குடைந்தார். நிறுத்தினார், அளந்தார். மறுபடி ஓட்டினார். மறுபடி நிறுத்தினார்.

“என்ன சுருளு, வண்டி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்குது, யாராவது ஏறணுமா?” என்றார் மொட்டை.

மேனேஜர் இந்த முறை சிரிக்கவில்லை. “அண்ணே, நீங்க காதாலயே கடைவீங்க, நடுவுல ஒரு தடவகூட நிறுத்த மாட்டீங்கன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?”

பழைய ஆட்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்த பேச்சு அது. சமாளிக்கப் பதில்கள் இருந்தன. ஜாடி உடைந்ததிலிருந்து கை கூசுகிறது என்று சொல்லியிருக்கலாம்; யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்ததாக அத்தானே ஒப்புக்கொண்டார். அதைச் சொன்னால் நாளைக்கும் கடைய வேண்டும், நாளை மறுநாளும். எதிரே பார்த்தார். அக்கா திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், புருவம் இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

முகத் தடுப்பைக் கழற்றினார். “கேக்காது சார். மேல் சத்தம் எதுவும் எனக்குக் கேக்காது. ரொம்ப நாளா.”

தூசி உறிஞ்சும் குழாய் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அதை யாரோ போய் அணைத்தார்கள்.

அப்படியானால் இவ்வளவு நாள் எப்படிக் கடைந்தீர்கள் என்று மேனேஜர் கேட்டார். குரலில் கோபத்தைவிடத் திகில்தான் இருந்தது. அத்தான் கீழே கிடந்த சுருளைக் காலால் ஒதுக்கினார். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் சார் என்றார்.

“அதிர்ஷ்டம் இல்ல சார், நான்” என்றாள் அக்கா. எழுந்து நின்றிருந்தாள். “நான்தான் கேட்டுச் சொல்லிட்டு இருந்தேன். அன்னிக்கு என் கண்ணுல தூசி விழுந்துடுச்சு. மரத்துல ஒரு குத்தமும் இல்ல.”

மொட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டீ குடிக்கிற இடத்தில் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். துடைக்க ஒன்றும் இல்லாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் அங்கே கிடந்த கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இயந்திரத்தை விட்டு இறங்கச் சொல்லிவிடுவார் என்று அத்தான் காத்துக்கொண்டிருந்தார். பேக்கிங் அறையின் கதவு அங்கிருந்தே தெரிந்தது. கடைசியில் மேனேஜர் கேட்டது வேறு. அக்கா இனி ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டால் என்ன, எல்லோருக்கும் தெரிந்தே செய்யலாமே, சம்பளத்திலும் பேசிப் பார்க்கிறேன் என்றார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அத்தானின் முகம் ஒரு கணம் மலர்ந்ததை அக்கா பார்த்தாள்.

“நிக்க மாட்டேன் சார்.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நிறுத்தி நிறுத்தி அளந்தா இவரால முடியும். இந்த ஒண்ண முடிக்க விடுங்க. என்னைக் கேக்காதீங்க” என்றாள்.

மேனேஜர் யோசித்தார். இந்த ஜாடி முடியட்டும் என்றார். இனி கழுத்து குறுகியது வேண்டாம், கண்ணுக்கு உள்பக்கம் தெரிகிற கிண்ணமும் குடைய வேண்டாத விளக்குத் தண்டும் கடையலாம்; காதைப் பரிசோதித்து டாக்டர் என்ன சொல்கிறாரோ அதை வைத்து மற்றதைப் பார்க்கலாம் என்றார். பேக்கிங் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த ஜாடியை முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஓட்டி, நிறுத்தி, அளந்து, ஊதி, மறுபடி ஓட்டி. வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அக்கா மட்டும் நாற்காலியை மறுபடி சுவர் பக்கம் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்து தன் கிண்ணத்தைத் தேய்த்தாள். கடைசியில் அடிப்பக்கத்தை அறுத்து ஜாடி அவர் கையில் வந்தபோது மேனேஜர் வாங்கிப் பார்த்து, கொஞ்சம் கனமாக இருக்கிறதே அண்ணே என்றார். இருக்கிறது சார் என்றார் அத்தான். சுவர் அவர் வழக்கத்தைவிடத் தடிப்பு.

அடுத்த வாரம் இயந்திரங்கள் மாறின. மொட்டை ஜாடிக்கு வந்தார். அத்தான் விளக்குத் தண்டுக்குப் போனார். மொட்டை முதல் நாள் முழுக்க வளைந்த உளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தானிடம் வந்து, கிண்டல் எதுவும் இல்லாமல், எந்த இடத்தில் நிறுத்துவது என்று கேட்டார்.

“சுவர் மெலிஞ்சா அதுவே சொல்லும்.”

“என்னன்னு சொல்லும்?”

அத்தானுக்கு அதைச் செய்து காட்ட வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றுகூட அவருக்குத் தெரியாது. நினைவில் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. அக்காவின் மேசையைக் காட்டி, அவளைக் கேள் என்றார்.

மொட்டை போய்க் கேட்டார். அக்கா முதலில் அதெல்லாம் எனக்குத் தெரியாது என்றாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே நாக்கு நுனியைப் பல்லில் வைத்து, மெல்லியதாக ஒரு சத்தம் எழுப்பினாள். இன்னும் கொஞ்சம் மெலிதாக்கினாள். இங்கே மெதுவாக என்று கையால் காட்டினாள். இன்னும் மெலிதாக்கினாள்.

அத்தான் பக்கத்து இயந்திரத்தில் நின்று அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.